கிரைண்ட்கோர்: பிறந்த வீடு பங்க், புகுந்த வீடு மெட்டல்

கேள்வி இது: "மெட்டாலிகாவைவிட வேகமாக ஸ்லேயர், ஸ்லேயரைவிட வேகமாக டெத் மெட்டல், அதையும் தாண்டி வேகமாக வாசித்தால் கிரைண்ட்கோர். இப்படித்தானே இது வந்தது? அப்புறம் எதற்கு எல்லாரும் பங்க் பங்க் என்கிறார்கள்?"

இல்லை, இப்படி வரவில்லை. புதியவர்களுக்கு ஒரு வரி: பங்க் எளிமையான, கோபமான ராக் இசை. மெட்டல் கனமான கிட்டார் ராக், மெட்டாலிகாவும் ஸ்லேயரும் அந்த வகை பேண்டுகள், டெத் மெட்டல் அதன் முரட்டுக் கிளை. கிரைண்ட்கோர் கத்தலும் இரைச்சலும் தலைதெறிக்கும் வேகமுமான குட்டிக் குட்டிப் பாட்டுகள். இந்த ஏணிக் கணக்கு நிறைய பேருக்கு இருக்கிறது, எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. நண்பன் ஒருவன் பர்ன் செய்து கொடுத்த எம்பி3 சிடியில்தான் இங்கிலாந்தின் கிரைண்ட்கோர் பேண்டான நேபாம் டெத்தை முதலில் கேட்டேன். அதில் ஒரு பாட்டு ஆரம்பித்த மாதிரியே தெரியவில்லை, முடிந்திருந்தது. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து வேறு காப்பி கொடுடா என்று போய்க் கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. அந்தப் பாட்டு 'யூ சஃபர்', நீளம் 1.316 விநாடி, உலகிலேயே சின்னப் பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது.

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரைண்ட்கோர் என்ற பெயரை வைத்தவர் நேபாம் டெத்தின் டிரம்மர் மிக் ஹாரிஸ் என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். 1984-ல் நியூயார்க்கின் ஸ்வான்ஸ் பேண்டின் ரெக்கார்டை வாங்கிக் கேட்டபோது அதை விவரிக்க 'கிரைண்ட்' என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அரைப்பது, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஸ்வான்ஸைக் கேட்டிருக்கிறீர்களா? ஆமை வேகம். ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு), ஒரே அடி, ஆட்டுக்கல்லில் உளுந்து அரைபடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி அதுவே வரும். வேகத்துக்குப் பேர்போன ஒரு இசைக்கு, அப்போதிருந்த பேண்டுகளிலேயே படுமெதுவாக வாசித்த ஒன்றிலிருந்து பெயர் கிடைத்திருக்கிறது. பின்பாதியில் வரும் 'கோர்', பங்க்கின் வேகமான, கடுமையான வகையான ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து வந்தது. பெயரில் மெட்டல் எங்கேயும் இல்லை.

சரி, வேகம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்று ஒரு ஊர், பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போனது. அங்கே 1977-ல் தொடங்கிய பேண்ட் டிஸ்சார்ஜ். 1982-ல் வந்த அவர்களுடைய 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' ஆல்பத்தை இன்று கேட்டாலும் முதுகு நிமிரும். ஒரு பாட்டுக்கு நாலைந்து வரிதான், எல்லாம் அணுகுண்டு, போர், பிணம். கிட்டார் விலகாத இரைச்சல். டிரம் மட்டும் தடுக்கி விழப்போகிறவன் விழாமல் ஓடிக்கொண்டே இருப்பது போன்ற ஒரு தாளத்தில் போகும். அந்தத் தாளத்துக்கு 'டி-பீட்' என்று இவர்களுடைய முதல் எழுத்தாலேயே பெயர் நிலைத்துவிட்டது. இதைப் பங்க் உலகம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மெட்டாலிகா 1998-ல் 'கராஜ் இன்க்' தொகுப்பில் டிஸ்சார்ஜின் இரண்டு பாட்டை வாசித்தது. ஸ்லேயர் 1996-ல் பழைய பங்க் பாட்டுகளை வாசிப்பதற்கென்றே ஒரு ஆல்பம் போட்டது. நீங்கள் ஏணியின் அடிப்படியாக வைத்த மெட்டாலிகாவும் ஸ்லேயரும் வேகத்தைக் கடன் வாங்கிய இடமே பங்க்தான் என்னும்போது ஏணி எங்கே நிற்கும்?

அமெரிக்காவில் இன்னும் வேகமாகப் போனார்கள். டெக்சஸின் டி.ஆர்.ஐ. 1983-ல் ஒரு சின்ன ரெக்கார்டில் 22 பாட்டைத் திணித்தது. ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான தாய்வேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேமவுத் என்ற ஊரில் இருந்த சீஜ். எல்லாரையும்விட வேகமாக வாசிக்க வேண்டும் என்பதே அவர்கள் குறி. 1984-ல் 'டிராப் டெட்' என்று ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, போட்டார்கள், அதற்குப் பிறகு சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. அந்த டெமோவிலும் ஒரு விசேஷம், எல்லாப் பாட்டும் தலைதெறிக்க ஓடிக் களைத்த பிறகு கடைசியில் ஏழு நிமிடத்துக்கு மெதுவாக இழுத்து இழுத்து ஒரு பாட்டு, அதில் பாடகரே சாக்ஸபோனை எடுத்து ஊளையிட வைக்கிறார். வேகமும் இந்த இழுவையும் ஆரம்பத்திலிருந்தே ஜோடி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போதுதான் மெட்டல் கதவைத் தட்டுகிறது. மிச்சிகனில் ஃபிளின்ட் என்று ஒரு ஊர், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த இடம், எண்பதுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஸ்காட் கார்ல்சன், மேட் ஒலிவோ என்ற இரண்டு பேர் ஜெனோசைட் என்ற பேண்டை வைத்திருந்தார்கள், பிறகு அதுவே ரிபல்ஷன் ஆனது. இவர்கள் டிஸ்சார்ஜையும் கேட்டார்கள், ஸ்லேயர், செல்டிக் ஃப்ராஸ்ட் போன்ற மெட்டல் பேண்டுகளையும் கேட்டார்கள், பேய்ப் படங்களையும் விழுந்து விழுந்து பார்த்தார்கள். 1986-ல் ஒரு பதிவு செய்தார்கள். பேஸ் கிட்டாரை ரம்பம் மாதிரி கிழியவிட்டு, டிரம்மை நிற்காமல் விரட்டி. அதை வெளியிட ஆள் கிடைக்கவில்லை. பேண்ட் கலைந்துபோனது. அந்தப் பதிவு 1989-ல்தான் 'ஹாரிஃபைட்' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது, அதை வெளியிட்டவர்கள் அதற்குள் இங்கிலாந்தில் பெயர் வாங்கியிருந்த கார்காஸ் பேண்டின் ஆட்கள். இடைப்பட்ட மூன்று வருடம் அது கேசட்டாகவே உலகம் சுற்றியது.

இந்தக் கேசட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது இல்லாமல் கிரைண்ட்கோர் கிடையாது. டேப் டிரேடிங் என்பார்கள். கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஜெராக்ஸ் போட்டு விற்கும் ஃபேன்சீன்களில் முகவரிகள் இருக்கும். நீங்கள் வைத்திருக்கும் டெமோக்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி அனுப்புவீர்கள், எதிராளி தன் பட்டியலை அனுப்புவார், பிறகு ஆளுக்கொரு கேசட்டில் பதிவு செய்து தபாலில் மாற்றிக்கொள்வீர்கள். காப்பியின் காப்பியின் காப்பி. ஒவ்வொரு கைமாறலிலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், சத்தம் கொஞ்சம் மங்கும். தபால் செலவு கட்டாது என்பதால் தபால்தலை மேல் சோப்பையோ பசையையோ லேசாகப் பூசி அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்ததும் அதைக் கழுவினால் முத்திரை மையும் சேர்ந்து போய்விடும், அதே தலையை மறுபடி ஒட்டலாம். திருட்டுத்தனம்தான், ஆனால் எண்பதுகளின் எக்ஸ்ட்ரீம் இசையில் பாதி இப்படித்தான் கடல் தாண்டியது. சீஜும் ரிபல்ஷனும் சொந்த ஊரில் யாருக்கும் தெரியாத பேண்டுகளாக இருந்தபோது, பர்மிங்காம் பக்கத்தில் நாலு பையன்கள் அவற்றின் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மிக் ஹாரிஸ் ஒருவர். பிறகு நேபாம் டெத்தின் பேஸ் கிட்டாரிஸ்ட் ஆன ஷேன் எம்பரி இன்னொருவர். ரிபல்ஷனிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பதை இவர்கள் ஒளித்ததே இல்லை.

நேபாம் டெத் 1981-ல் மெரிடன் என்ற கிராமத்தில் ஆரம்பித்தது. நிக் புல்லன், 'ராட்' என்று எல்லாரும் கூப்பிட்ட மைல்ஸ் ராட்லெட்ஜ், இரண்டும் பள்ளிக்கூடப் பையன்கள். கிராஸ் என்ற அராஜகவாத பங்க் பேண்ட்தான் அவர்களுக்கு அன்றைக்கு எல்லாம். 1984-ல் அந்த கிராஸ் தன் லேபிளில் (ரெக்கார்ட் வெளியிடும் நிறுவனத்தில்) வெளியிட்ட ஒரு தொகுப்பில் இவர்கள் பாட்டு ஒன்று வந்தது. அதைக் கேட்டால் பின்னால் வரப்போகும் நேபாம் டெத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வீர்கள். 1985-ல் ஜஸ்டின் பிராட்ரிக் கிட்டாருக்கு வந்தார், வயது பதினாறு. தொழிற்சாலை இரைச்சல் மாதிரியான இசை, ஸ்வான்ஸ், கில்லிங் ஜோக், செல்டிக் ஃப்ராஸ்ட் எல்லாம் அவர் மூட்டையில் வந்தன. அதே வருடக் கடைசியில் மிக் ஹாரிஸ் டிரம்முக்கு வந்தார். அவர் வந்ததும் கியர் மாறிவிட்டது. பர்மிங்காமின் ஸ்பார்க்ஹில் பகுதியில் மெர்மெய்ட் என்ற பப்பின் மாடிதான் இவர்கள் வாசித்து வளர்ந்த இடம்.

பர்மிங்காம் என்றதும் அந்த ஊரின் பழைய மெட்டல் பேண்டான பிளாக் சபாத்தை இழுத்து வந்து, ஆலை இரைச்சல்தான் இசையாக மாறியது என்று எழுதுவது ஒரு வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1980-களின் நடுவில் அந்த ஆலைகளில் பல மூடிக்கிடந்தன. பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆலைச் சத்தத்தைவிட அது நின்றுபோனதுதான் இவர்களைப் பாதித்தது என்பேன். கையில் காசில்லை, ஆனால் நேரம் நிறைய இருந்தது. இதில் ஒரு கூத்தும் உண்டு. நேபாம் டெத்தை வெளியிட்ட இயரேக் லேபிளை நாட்டிங்காமில் ஆரம்பித்த டிக்பி பியர்சன், சொந்தத் தொழில் தொடங்கும் வேலையற்றோருக்கு வாரம் 40 பவுண்டு கொடுக்கும் அரசுத் திட்டத்தில்தான் காலை ஊன்றினார். தாட்சர் அரசின் திட்டம். அந்தக் காசில் வளர்ந்த லேபிளில் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டே பன்னாட்டு நிறுவனங்களைக் காறித் துப்புகிறது.

அந்த ஆல்பம் 'ஸ்கம்'. அதன் பிறப்பே தாறுமாறு. முதல் பக்கத்தை 1986 ஆகஸ்டில் பர்மிங்காமின் ரிச் பிட்ச் ஸ்டுடியோவில் 50 பவுண்டு செலவில் பதிவு செய்தார்கள்: புல்லன், பிராட்ரிக், ஹாரிஸ். பிறகு பிராட்ரிக் போய்விட்டார், கொஞ்ச நாளில் புல்லனும் போய்விட்டார். இரண்டாம் பக்கத்தை 1987 மே மாதத்தில் பதிவு செய்தபோது லீ டோரியன் பாடினார், பில் ஸ்டியர் கிட்டார், ஜிம் வைட்லி பேஸ். இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஒரே ஆள் மிக் ஹாரிஸ். கிட்டத்தட்ட இரண்டு வேறு பேண்டுகள், ஒரு ரெக்கார்ட், 28 பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் பக்கத்தில் ரிஃப்கள் நின்று நிதானமாக விழும், நடுவில் வெடிக்கும். இரண்டாம் பக்கம் வெடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு முதல் பக்கம்தான் பிடிக்கும், இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய.

அந்த வெடிப்புக்குப் பெயர்தான் பிளாஸ்ட் பீட், இந்தச் சொல்லையும் ஹாரிஸ் கணக்கில்தான் எழுதுகிறார்கள். சாதாரண ராக் தாளத்தில் கால் பெரிய டிரம்மை மிதிக்கும், கை ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை அடிக்கும்: தும், தட், தும், தட். நடக்கிற வேகம். பிளாஸ்ட் பீட்டும் அடிப்படையில் அதே தும்-தட்தான், ஆனால் இடைவெளியை நெருக்கி நெருக்கி விநாடிக்கு ஆறேழு 'தட்' விழும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடத்தில் அடிகளைத் தனித்தனியாக எண்ண முடியாது, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரே பரப்பாகக் கேட்கும். இந்த அடியைக் கண்டுபிடித்தவர் ஹாரிஸ் என்று சொல்ல முடியாது, சீஜிலும் ரிபல்ஷனிலும் டி.ஆர்.ஐ.யிலும் இது ஏற்கெனவே இருந்தது. அங்கங்கே தெறித்த ஒன்றை ஆல்பத்தின் முதுகெலும்பாக ஆக்கியது இவர்.

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது இறக்கைகள் தெரியும், முழு வேகத்தில் ஒரு வட்டம் அசையாமல் நிற்பது போலத் தெரியும், இல்லையா? பிளாஸ்ட் பீட்டும் அப்படித்தான். வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அது ஓடுகிற உணர்வே போய்விடுகிறது. அதன் மேல் கிட்டார் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் காதுக்கு அது மெதுவாக, கனமாக, அரைபடுவதாகக் கேட்கும். ஸ்வான்ஸிடம் கிடைத்த அதே உணர்வு, எதிர்த் திசையிலிருந்து. மிக் ஹாரிஸ் பெயர் வைத்தபோது இவ்வளவு யோசித்தாரா என்பது வேறு கதை, ஆனால் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. பின்னால் நடந்ததையும் பாருங்கள்: பிராட்ரிக் போய் ஆரம்பித்த காட்ஃபிளெஷ் டிரம் மெஷினை வைத்து ஊர்ந்து போகும் இசை. லீ டோரியன் போய் ஆரம்பித்த கதீட்ரல் டூம் மெட்டல், அதுவும் நத்தை வேகம். ஹாரிஸே பிறகு புல்லனோடு சேர்ந்து ஸ்கார்ன் என்று மெதுவான, இருண்ட ஒன்றைச் செய்தார். ஸ்லேயரைத் தாண்ட வேண்டும் என்ற ஓட்டப் பந்தயமாக மட்டும் இது இருந்திருந்தால் இத்தனை பேர் பிரேக்கை மிதித்திருக்க மாட்டார்கள்.

சரி, இது ஊருக்குத் தெரிந்தது எப்படி? பிபிசி ரேடியோ 1-ல் ராத்திரி நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல். ஐம்பதை நெருங்கிய மனிதர், இந்தப் பையன்களின் சத்தத்தில் விழுந்துவிட்டார். 1987 செப்டம்பரில் அவர் நிகழ்ச்சிக்காக நேபாம் டெத் பதிவு செய்தது 12 பாட்டு, மொத்தம் 5 நிமிடம் 40 விநாடி. நாடு முழுக்கக் கேட்கும் வானொலியில் இது போனது. அடுத்த வருடம் வந்த 'ஃப்ரம் என்ஸ்லேவ்மென்ட் டு ஆப்லிட்டரேஷன்' சிறு லேபிள்களின் ரெக்கார்டுகளுக்கான பிரிட்டனின் இண்டி சார்ட்டில் முதலிடத்துக்குப் போனது. அதே 1988-ல் பீலுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் கார்காஸின் 'ரீக் ஆஃப் பியூட்ரிஃபேக்ஷன்'.

கார்காஸ் லிவர்பூல் பேண்ட். 'ஸ்கம்' இரண்டாம் பக்கத்தில் வாசித்த அதே பில் ஸ்டியர், 'ஸ்கம்' அட்டையை வரைந்த ஜெஃப் வாக்கர், டிரம்மில் கென் ஓவன். நேபாம் டெத் அரசியல் பேசியது என்றால் இவர்கள் மருத்துவ அகராதியைப் புரட்டி அழுகல், சீழ், பிணப் பரிசோதனை என்று பாட்டு எழுதினார்கள். அட்டையில் பிணவறைப் படங்களை வெட்டி ஒட்டினார்கள், சாப்பாட்டுக்கு முன் பார்க்காதீர்கள். வெறும் அருவருப்புக்காக என்றும் தள்ளிவிட முடியாது: இவர்கள் சைவம், மனிதச் சதைக்கும் தட்டில் வைக்கும் சதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதும் அதில் இருந்தது. கிட்டாரின் தந்திகளை நன்றாகத் தளர்த்தி சுதியைக் கீழே இறக்கியதும், அடிவயிற்று உறுமலும் கீச்சலும் மாறி மாறி வருவதும் இவர்கள் மூலமாகத்தான் பரவியது. கோர்கிரைண்ட் என்ற கிளையே இந்த ஒரு ஆல்பத்திலிருந்து முளைத்தது என்றால் மிகையில்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இப்ஸ்விச்சின் எக்ஸ்ட்ரீம் நாய்ஸ் டெரர், இரண்டு பாடகர்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள், 1992 பிரிட் விருது விழாவில் கே.எல்.எஃப். என்ற நடன இசைக் குழுவோடு மேடையேறி ரகளை செய்தது இவர்கள்தான். ஜப்பானின் ஒசாகாவிலிருந்து எஸ்.ஓ.பி., நேபாம் டெத் ஆட்கள் இவர்கள் மேல் பைத்தியமாக இருந்தார்கள். நெதர்லாந்தின் லார்ம். லாஸ் ஏஞ்சல்ஸின் டெரரைசர், 1989-ல் 'வேர்ல்ட் டவுன்ஃபால்' என்ற ஆல்பத்தில் அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான டிரம்மிங்கைக் காட்டியது. டிரம்மர் பீட் சாண்டோவல் டெத் மெட்டல் பேண்டான மார்பிட் ஏஞ்சலுக்குப் போனார், கிட்டாரிஸ்ட் ஜெஸ்ஸி பின்டாடோ நேபாம் டெத்துக்கு வந்தார்.

நீங்கள் கேட்ட மெட்டல் சம்பந்தம் இங்கேதான் கெட்டிப்படுகிறது. 1989-ல் நேபாம் டெத்துக்குப் பாட வந்த பார்னி கிரீன்வே பெனடிக்ஷன் என்ற டெத் மெட்டல் பேண்டிலிருந்து வந்தவர். 1990-ல் 'ஹார்மனி கரப்ஷன்' ஆல்பத்தைப் பதிவு செய்ய ஃபுளோரிடாவின் மாரிசவுண்ட் ஸ்டுடியோவுக்கே போனார்கள், டெத் மெட்டலின் தலைமை அலுவலகம் என்று சொல்லத்தக்க இடம். பாட்டுகள் நீண்டன, சத்தம் சுத்தமானது. கார்காஸும் 1993-ல் 'ஹார்ட்வொர்க்' வரும்போது இனிமையான கிட்டார் மெட்டுகளுக்கு வந்துவிட்டது. பிறந்த வீட்டைவிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போனது இந்த மூன்று நான்கு வருடத்தில்தான். கடையில் மெட்டல் அலமாரியில் கிரைண்ட்கோர் உட்கார்ந்ததும் அப்போதுதான். உங்கள் ஏணிக் கணக்கு 1990-க்குப் பிறகு கேட்க ஆரம்பித்தவர்களுக்குச் சரியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

அதற்குப் பிறகும் பங்க் குணத்தை விடாதவர்கள் இருந்தார்கள். ஸ்வீடனின் நாசும் எனக்கு மிகப் பிடித்தது. அதன் கிட்டாரிஸ்டும் பாடகருமான மீஷ்கோ தலார்சிக் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தில் இறந்துபோனார். அந்த நாளை நம் கடற்கரைகளோடு மட்டும் சேர்த்து நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தச் செய்தியைப் பிறகு படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. இப்போதைக்கு வந்தால் சிங்கப்பூரின் வார்ம்ராட்டைக் கட்டாயம் கேளுங்கள். பேஸ் கிட்டாரே இல்லாமல் மூன்றே பேராக வாசித்து, இயரேக் லேபிளில் ஆல்பம் போட்டு, 2017-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா வரை போனார்கள்.

கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் வரிசை: முதலில் டிஸ்சார்ஜின் 1982 ஆல்பம், பிறகு சீஜின் 'டிராப் டெட்', பிறகு 'ஹாரிஃபைட்', அதற்கப்புறம் 'ஸ்கம்'. ஒரே மாலையில் நான்கையும் முடித்துவிடலாம், நான்கும் சேர்ந்து இரண்டு மணி நேரம்கூட வராது. 'ஸ்கம்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் 'யூ சஃபர்'. ஃபைல் கெட்டுப்போகவில்லை, அது அவ்வளவுதான்.